முதலீடும் மனச்சாட்சியும்

தன் பணத்தை ஒரு தொழிலில் இட்டு அதன் இலாபத்தை நுகர்பவன், அத்தொழிலால் விளையும் தீங்கிற்கும் பொறுப்பாளனாவானா? அறவழி முதலீட்டு நிதியம் என்னும் பெயர் இருபதாம் நூற்றாண்டில் எழுந்ததே. எனினும், இவ்வினா அதனினும் பழையது. பதினெட்டாம் நூற்றாண்டில் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரத்தில் ஒரு சமயத்தாரைப் பல்லாண்டு அலைக்கழித்த வினா அது.

அந்நகரில் வாழ்ந்த குவேக்கர் என்னும் கிறித்தவப் பிரிவினர் போரை வெறுத்தவர், ஆடம்பரத்தை விலக்கியவர். சிக்கனமும் நாணயமும் அவர்களுட் பலரைச் செல்வராக்கின. ஆனால், அச்செல்வத்தின் ஒரு பகுதி அடிமைகளின் உழைப்பினின்று வந்தது. நியூ ஜேர்சியிலே தையற்றொழில் செய்த ஜோன் வுல்மன் என்பவர் ஊரூராகச் சென்று, அடிமைகளை வைத்திருந்த தம் சமயத்தவரின் இல்லங்களிலேயே அமர்ந்து, அமைதியாக அவர்களோடு வாதாடினார். அடிமைகள் விளைத்த சீனியையும் தாம் உண்ணாது ஒதுக்கினார். 1758ஆம் ஆண்டிலே பிலடெல்பியா ஆண்டுக் கூட்டம், அடிமைகளை வாங்குவோரும் விற்போரும் சபையின் அலுவல்களிற் பங்குகொள்ளலாகாது எனத் தீர்மானித்தது. அடிமைகளை வைத்திருப்போரை முற்றாக விலக்க மேலும் பதினெட்டு ஆண்டுகள் சென்றன. வருவாயைத் தொடும் சீர்திருத்தம் எச்சபையிலும் விரைந்து நிகழ்வதில்லை போலும்.

அக்காலத்திலேயே இங்கிலாந்தில் மெதடிஸ்த இயக்கத்தைத் தோற்றுவித்த ஜோன் வெஸ்லி, பணத்தின் பயன்பாடு பற்றிய தம் பிரசங்கத்திலே, பொருளீட்டுக. ஆனால் அயலவனின் உடலுக்கோ உடைமைக்கோ ஆன்மாவுக்கோ கேடு விளைத்து ஈட்டற்க என்னும் கருத்தை வற்புறுத்தினார். இருநூறு ஆண்டுகளின் பின்னர் அவ்வழி வந்தோரே இக்கருத்தை ஒரு நிதியமாக உருவாக்கினர்.

வியட்நாம் யுத்தத்தில் மக்கள் மேல் வீசப்பட்ட நேபாம் என்னும் தீக்குண்டின் கொடுமை அமெரிக்கரின் உள்ளத்தைக் கலக்கியது. அதனைச் செய்த கொம்பனியின் பங்குகள் பலருடைய சேமிப்புக்குள் மறைந்திருந்தன. கூட்டு முதலீட்டு நிதியத்தின் இயல்பு அத்தகையது. பலரின் சிறு சேமிப்பைத் திரட்டிப் பல கொம்பனிகளின் பங்குகளை அது வாங்குகின்றது. பணம் இட்டவர் இலாபக் கணக்கைக் காண்பாரேயன்றி, அது எத்தொழிலிலிருந்து வந்ததென்பதை எண்ணிப் பார்ப்பது அரிது. மெதடிஸ்த சபையைச் சேர்ந்த லூதர் டைசன், ஜக் கோர்பெட் என்னும் இருவர் 1971இல் பக்ஸ் உலக நிதியத்தை ஆரம்பித்தனர். படைக்கலம், மது, புகையிலை, சூதாட்டம் ஆகிய தொழில்களை அது விலக்கியது.

விலக்கி நிற்றல் ஒரு வழி. உள்ளே இருந்து திருத்த முயலுதல் மற்றொரு வழி. இவற்றுள் எது தக்கது என்பதைத் தென்னாபிரிக்காவின் நிறவெறி ஆட்சி சோதித்துக் காட்டியது. பிலடெல்பியாவில் போதகராயிருந்த லியோன் சலிவன், 1971இல் ஜெனரல் மோட்டர்ஸ் கொம்பனியின் பணிப்பாளர் சபையில் இடம்பெற்ற முதற் கறுப்பினத்தவராவார். அவ்வாண்டு நடைபெற்ற பங்குதாரர் கூட்டத்தில், கொம்பனி தென்னாபிரிக்காவை விட்டு நீங்கவேண்டும் என்னும் தீர்மானத்தை எபிஸ்கோப்பல் திருச்சபை கொணர்ந்தது. சலிவன் தம் சக பணிப்பாளர்களுக்கு மாறாக எழுந்து அதனை ஆதரித்தார். நூற்றுக்கு இரண்டு வாக்குத்தானும் கிட்டவில்லை.

1977இல் அவர் வேறு வழியை நாடினார். ஒரே உணவுச்சாலை, சம வேலைக்குச் சம ஊதியம், கறுப்பினத்தவருக்குப் பயிற்சியும் மேற்பதவியும் என்றவாறு ஆறு கோட்பாடுகளை வகுத்தார். முதலிற் பன்னிரண்டு கொம்பனிகள் அவற்றை ஏற்றன. பின்னர் அத்தொகை நூற்றைத் தாண்டியது. தொழிற்சாலைக்குள் ஓரளவு சமத்துவம் வந்தது உண்மையே. ஆனால், தொழிலாளி வாயிலைக் கடந்ததும் அவனுக்கு வாக்குரிமை இல்லை. விரும்பிய இடத்தில் வாழ உரிமையில்லை. 1985இல் சலிவன் இரண்டாண்டுத் தவணை விதித்தார். 1987இல், தம் முயற்சி போதவில்லையென வெளிப்படையாகக் கூறி, கொம்பனிகள் அனைத்தும் வெளியேற வேண்டுமென அழைப்பு விடுத்தார். தாம் வகுத்த கோட்பாட்டின் குறையைத் தாமே எடுத்துரைக்கும் துணிவு எளிதன்று.

இதற்கிடையே பல்கலைக்கழகங்கள் தம் நிதியங்களிலிருந்து அத்தகைய பங்குகளை விற்கத் தொடங்கியிருந்தன. 1986இல் கலிபோர்னியாப் பல்கலைக்கழகமும் அம்முடிவை எடுத்தது. ஒருவர் விற்ற பங்கை மற்றொருவர் வாங்கிக்கொள்வாராதலால் இதனாற் பயனென்ன என வினவியோர் உளர். அவ்வாதத்தில் ஓரளவு நியாயமும் உண்டு. 1985இல் சேஸ் மன்ஹற்றன் வங்கி கடனைப் புதுப்பிக்க மறுத்தமையே தென்னாபிரிக்க அரசைக் கடுமையாகத் தாக்கியது. எனினும், மாணவரும் திருச்சபைகளும் எழுப்பிய குரலின்றி வங்கிகள் அத்துணை விரைவிற் கலங்கியிருக்குமா என்பது ஐயமே. 1990இல் விடுதலை பெற்ற நெல்சன் மண்டேலா அவ்வாண்டே கலிபோர்னியாவுக்குச் சென்று அம்மக்களுக்கு நன்றி கூறினார்.

இன்று இத்தகைய நிதியங்கள் உலகெங்கும் மலிந்துவிட்டன. பெயரும் பெருகியது, பெயருக்குள் மறையும் பொய்யும் பெருகியது. முன்னோடியாகிய பக்ஸ் நிதியத்தை நடத்திய நிறுவனமே, 2001 முதல் 2006 வரையான காலத்தில், தான் விலக்குவதாகச் சொன்னவற்றுட் சிலவற்றை வாங்கியிருந்தமை வெளிப்பட்டது. அதற்காக 2008இல் ஐந்து இலட்சம் டொலர் தண்டம் செலுத்த நேர்ந்தது. 2023இல் அமெரிக்காவின் பிணையங்கள் பரிவர்த்தனை ஆணைக்குழு ஒரு விதியை இயற்றியது. அறவழி, நிலைபேறு முதலிய கருத்துக்களைத் தன் பெயரிற் கொண்ட நிதியம், தன் சொத்தில் 80 சதவீதத்தையேனும் அப்பெயருக்கு ஏற்ப இடவேண்டும் என்பது அது. எஞ்சிய 20 சதவீதத்தில் எக்கொம்பனிகள் உள்ளன என்பதைப் பெயர் கூறாது. நிதியம் வெளியிடும் பங்குப் பட்டியலிலேதான் அது காணப்படும்.