விண்ணில் தனிக் குவளை உண்டோ?

போர் இல்லை, சூழ்ச்சி இல்லை, வில்லனும் இல்லை. ஒரே நாளின் நிகழ்ச்சியே முழுக் கதை! அத்தகைய நாவலொன்று 2024இல் புக்கர் பரிசு பெற்றது. சமந்தா ஹார்வி என்னும் ஆங்கிலப் பெண் எழுத்தாளர் தீட்டிய ‘ஆர்பிட்டல்’ அது. விண்வெளி நிலையத்தில் வாழும் அறுவர் ஒரு நாளில் பதினாறு முறை உலகைச் சுற்றுகின்றனர், சுற்றியவாறே சிந்திக்கின்றனர். அவருள் ஜப்பானியப் பெண்ணொருத்தி தாயை இழக்கிறாள். இறுதியாக முகம் காண இறங்கிவர வழியில்லை!

இக்கற்பனைக்கு வரலாறே அடித்தளம். 1961 ஏப்ரல் 12இல் ககாரின் விண்ணேகியபோது, விண்வெளி இரு வல்லரசுகளின் பந்தயத்திடல். 1975 ஜூலையிலோ, அமெரிக்கக் கலமும் சோவியத் கலமும் வானில் இணைந்தன, வீரர்கள் கைகுலுக்கினர். 1984இல் ராகேஷ் சர்மா சோவியத் நிலையத்தில் தங்கினார். 2000 நவம்பர் முதல் பன்னாட்டு விண்வெளி நிலையத்தில் மனிதர் இடையறாது வாழ்கின்றனர். 2025இல் நம் நாட்டுச் சுபான்ஷு சுக்லாவும் அங்கு வாழ்ந்து திரும்பினார். அதன் உயரம் ஏறத்தாழ 400 கிலோமீட்டர். கரிவலம்வந்தநல்லூரிலிருந்து சென்னை அதனினும் தொலைவு!

அங்கே குடிநீர் ஏது? மூச்சின் ஈரமும் வியர்வையும் சிறுநீரும் தூய்மையாக்கப்பட்டு மீண்டும் குடிநீராகின்றன. எவர் மூச்சு, எவர் வியர்வை என்று பிரிப்பார் யார்? நாவலில் ஓர் அறிவிப்பு வருகிறது: அரசியல் பூசலால், அவரவர் நாட்டுக் கழிப்பிடத்தையே நாட வேண்டுமாம்! அறுவருக்கும் அது நகைப்பாகவே முடிகிறது.

நாம் நகைக்க முடியுமா? நமது நெல்லைச் சீமையின் சேரன்மாதேவியில், காங்கிரஸ் நிதியும் பெற்று நடந்த குருகுலத்தில், பார்ப்பனச் சிறுவர்க்குத் தனிப் பந்தி, தனித் தண்ணீர்! வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் கொதித்தெழுந்தனர். 1925இல் பெரியார் காங்கிரசை விட்டே வெளியேறினார். அதன் பின்னும் இரட்டைக் குவளை என்னும் இழிவு தேநீர்க் கடைகளில் நெடுங்காலம் நீடித்தது.

அதே சீமையின் மகேந்திரகிரியில்தான், மனிதரை விண்ணேற்றும் ககன்யான் திட்டத்தின் எந்திரங்கள் சோதிக்கப்பட்டன. நம் வகுப்பறைச் சிறுமி ஒருத்தி நாளை அதில் ஏறிச் செல்லலாம். விண்ணில் அவளிடம் எவரும் சாதி கேளார். எல்லார் மூச்சும் கலந்த நீரையே அவளும் பருகுவாள். திரும்பி வந்து நம் தெருக் கடையில் தேநீர் கேட்கும்போது, அவள் கைக்கு எந்தக் குவளை வரும்?

அறிவியல் எந்திரத்தை உயர்த்தும். மனத்தை உயர்த்த வேண்டியவர் நாமே. பள்ளித் தண்ணீர்த் தொட்டியருகே அப்பணியைத் தொடங்குவோம்!