தலைமன்னார்த் துறையும் குடும்பப் பிரயாணமும்

வெள்ளவத்தையில் நாம் நன்கறிந்த ஒரு வீடு. சென்ற ஆண்டு அவ்வீட்டார் யாவரும் ஒன்றுகூடி வெளிநாட்டுக்கு ஓர் உல்லாசப் பிரயாணம் போவதென்று தீர்மானித்தார்கள். அம்மம்மாவுக்கு எண்பத்தாறு வயது. கடைசிப் பூட்டப்பிள்ளைக்கு ஒன்றரை வயது. எங்கே போவது என்பதை நிர்ணயித்தது எவருடைய ஆசையும் அன்று. மூத்த மகன் அகதியாகப் பாரிஸ் சென்றவர். அவருடைய பிரயாணப் பத்திரம் இலங்கை வருவதற்குச் செல்லாது. ஒரு மகள் கனடாப் பிரஜை. அம்மம்மாவிடமும் இளைய மகனிடமும் இலங்கைக் கடவுச்சீட்டு. இவற்றையெல்லாம் மேசையில் பரப்பிவைத்து, எந்த நாடு எல்லோரையும் உள்ளே விடும் என்று ஒரு வாரம் ஆராய்ந்தார்கள். முடிவு சென்னை என்றாயிற்று. பிறந்த வீட்டில் ஒன்றுகூட முடியாத குடும்பம் அயல் நாட்டு விடுதியொன்றில் ஒன்றுகூடுவதைத்தான் இன்று நாம் உல்லாசப் பிரயாணம் என்கிறோம்.

"எங்கட காலத்தில கோட்டையில ஏறினால் எழும்பூரில இறங்குவம். உதுக்கு ஏன் இவ்வளவு கடதாசி?" என்று கேட்டார் அம்மம்மா.

அவர் சொன்னது பாதி உண்மை. அவர் சிறுமியாகப் போன 1950களிலேயே கடதாசிகள் கேட்கப்பட்டன. அது தந்தையாரின் கவலையாக இருந்தது, அவ்வளவே. ஆனால் மற்றப் பாதியை நாம் மறுப்பதற்கில்லை. 1914 பெப்ரவரியில் பாம்பன் பாலம் திறக்கப்பட்டது; மார்ச்சில் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே நீராவிக் கப்பல் ஓடலாயிற்று. அதற்கு முன் தூத்துக்குடிக் கப்பலில் ஓர் இரவு முழுவதும் கடலில் கிடக்கவேண்டும். 'போட் மெயில்' வந்தபின் கொழும்புக் கோட்டையில் இரவு ஏறி, விடியத் தலைமன்னார்த் துறையில் இறங்கி, 'கோஷன்' அல்லது 'இர்வின்' கப்பலில் இரண்டு மணி நேரமளவில் கடலைக் கடந்து, தனுஷ்கோடியில் மீற்றர்ப்பாதை வண்டி ஏறினால் மறுநாள் சென்னை. புகையிரதம், கப்பல், மீண்டும் புகையிரதம் எல்லாவற்றுக்கும் ஒரே சீட்டு.

அன்றைய ஆயத்தங்களை விவரிக்கத் தொடங்கினால் முதியவர்களுக்கு நேரம் போவது தெரியாது. வெள்ளவத்தைச் சைவக் குடும்பம் மார்கழித் திருவாதிரைக்குச் சிதம்பரத்தில் நிற்க விரும்பும். 1864இல் ஆறுமுக நாவலர் பாடசாலை நிறுவிய அந்த ஊரை யாழ்ப்பாணத்தார் அயலூராகவே கருதவில்லை. கொட்டாஞ்சேனைக் கத்தோலிக்கக் குடும்பம் வேளாங்கண்ணிக்கு நேர்ந்திருக்கும். ஆகஸ்ட் 29இல் கொடி ஏறும். ஆச்சிக்குக் கோயில், மாமிக்குக் காஞ்சிபுரப் பட்டு, நோயாளிக்கு வேலூர் ஆஸ்பத்திரி, கல்லூரி மாணவனுக்கு மூர் மார்க்கெட்டுப் பழைய புத்தகக் கடை, சிறுவர்களுக்குச் சினிமா. இத்தனை ஆசைகளையும் மூன்று வாரத்துக்குள் அடக்குவது ஒரு மந்திரி சபையை நடத்துவதற்கு ஒப்பானது. அரசாங்க உத்தியோகத்தருக்கு ஆண்டுதோறும் கிடைத்த இலவச வாரண்ட் தலைமன்னாரோடு முடிந்துவிடும், அதற்கப்பால் கைக்காசு. கட்டுச்சோறு, எள்ளுருண்டை, கூஜா, படுக்கைக் கட்டு, தகரப் பெட்டி என்று ஒவ்வொரு மாற்றத்திலும் சாமான்களை எண்ணவேண்டும், பிள்ளைகளையும் எண்ணவேண்டும்.

இந்த இனிய நினைவுகளை வெள்ளவத்தை முன்கூடங்களில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம். அவற்றில் ஒருமுறையேனும் அதே கப்பலின் மற்றப் பிரயாணிகள் வந்ததாக நமக்கு ஞாபகமில்லை.

அவர்களும் குடும்பங்களே. இலங்கைத் தோட்டங்களுக்கு ஆட்களைக் கங்காணி தனித்தனியாகச் சேர்க்கவில்லை. தன் ஊரிலும் உறவிலும் கிழவன், கிழவி, கைக்குழந்தை ஈறாகச் சேர்த்தான். பல தலைமுறை ஒன்றாகக் கடல் கடந்த பிரயாணம் என்றால் உண்மையில் அதுதான். அங்கே திட்டமிட்டவன் கங்காணி. வழிச்செலவு நெடுங்காலம் தொழிலாளியின் தலையில் கடனாக ஏறியது. 1901 முதல் தோட்டத்தின் எண் பொறித்த தகரத் துண்டொன்று அவன் கழுத்தில் தொங்கியது. மண்டபம் முகாமில் நாட்கணக்கில் அடைத்துவைத்து, மருத்துவப் பரிசோதனை செய்து, ஊசி போட்டபின்னரே கப்பல். படுக்கைக் கட்டோடு சென்ற நம் குடும்பத்துக்கு மண்டபம் என்பது சன்னலுக்கு வெளியே ஓடி மறைந்த ஒரு நிலையத்தின் பெயர்.

காகித யுகம் முதலில் இறங்கியதும் அவர்கள் தலையில்தான். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் இந்திய வம்சாவளித் தமிழரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. அடுத்து வந்த 1949ஆம் ஆண்டின் இந்திய பாகிஸ்தானியர் பிரஜாவுரிமைச் சட்டம் பதிவுக்கு ஒரு வாயில் திறந்தது, என்ன வாயில்! 1946 ஜனவரி 1க்கு முன் மணமானவர் ஏழு ஆண்டும் மணமாகாதவர் பத்து ஆண்டும் இடையறாது இந்நாட்டில் வாழ்ந்திருக்கவேண்டும். மனைவி மக்களும் இங்கேயே இருந்திருக்கவேண்டும். ஒருமுறை பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வெளியே தங்கினால் தொடர்ச்சி அறுந்துவிடும். கொட்டாஞ்சேனைத் தேநீர்க் கடையில் வேலை செய்த ஒருவன் திருநெல்வேலிக் கிராமத்தில் தாயின் நோய்ப்படுக்கையருகே சற்று நீளத் தங்கியிருந்தால், அதுவே அவனுக்கெதிரான சாட்சியம். வெள்ளவத்தைக் குடும்பத்துக்கு ஊர் போய்வருவது புண்ணியம். கொட்டாஞ்சேனைத் தொழிலாளிக்கு அது குற்றம். ஏறக்குறைய எல்லோருமே விண்ணப்பித்தும் பதிவு பெற்றவர் சுமார் 1,34,000 பேரே.

அந்த 1949ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு மந்திரி சபையிலிருந்த ஜி. ஜி. பொன்னம்பலம் ஆதரவளித்தார், எஸ். ஜே. வி. செல்வநாயகம் எதிர்த்தார், தமிழ்க் காங்கிரஸ் பிளந்தது. தலைவர்களின் பெயரைச் சொல்லிவிட்டு நாம் தப்பிக்கொள்வது நியாயமன்று. உத்தியோகம் பார்த்த தமிழ் நடுத்தர வர்க்கத்தில் மிகப் பலர் இதைத் தோட்டத்தான் விவகாரம் என்றே ஒதுக்கினார்கள். தம் கடவுச்சீட்டு பெட்டிக்குள் பத்திரமாயிருந்தது.

1964 அக்டோபர் 30இல் ஸ்ரீமாவோவும் சாஸ்திரியும் கையெழுத்திட்ட உடன்படிக்கை 9,75,000 பேரைப் பங்கிட்டது: இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000, மிகுதி பிற்பாடு. இரண்டு மாதம் கழியுமுன் டிசம்பர்ப் புயலில் தனுஷ்கோடி அழிந்தது. பாம்பனிலிருந்து வந்த புகையிரதம் பிரயாணிகளோடு கடலில் போயிற்று. பின்னர் இராமேஸ்வரத்துக்கும் தலைமன்னாருக்கும் இடையே 'இராமானுஜம்' கப்பல் ஓடியது. அதிலே முருகனைக் கும்பிடப் போனவரும் போனார்; பிறந்த லயத்தை இனிக் காணமாட்டோம் என்று அழுதவரும் போனார். மலைநாட்டிலிருந்து புறப்பட்ட வண்டிக்கு ஒப்பாரிக் கோச்சி என்று பெயரும் வந்தது. மகனுக்கு இலங்கை, தாய்க்கு இந்தியா என்று பிரிந்த குடும்பங்கள் எத்தனையோ. உல்லாசக் குடும்பங்களுக்கு அந்நாளில் இருந்த பெருங்குறை அந்நியச் செலாவணி. 1977வரை அதைப் பெறுவது குதிரைக் கொம்பு.

பிறகு 1983 ஜூலை. வெள்ளவத்தைக் கதவுகளையும் தட்டினார்கள். 1984இல் கப்பலும் நின்றது. தோட்டத்தார் விவகாரம் என்று ஒதுக்கப்பட்ட காகிதம் இப்போது நம் எல்லோர் வீட்டுக்கும் வந்தது: காணியை விற்று, முகவருக்குப் பணம் கட்டி, திரும்பிவரும் சீட்டில்லாத பிரயாணத்துக்கு ஒவ்வொரு பிள்ளையாக அனுப்பும் திட்டம். வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை விடுதிகளில் வடக்குக் கிழக்கிலிருந்து வந்தவர்கள் விசாவுக்காக மாதக்கணக்கில் காத்திருந்தார்கள். 2007 ஜூன் 7 அதிகாலை அவ்விடுதிகளிலிருந்து 300க்கு மேற்பட்டோரைப் பொலிசார் பஸ்களில் ஏற்றிக் கொழும்பை விட்டு அகற்றினர். மறுநாள் உயர் நீதிமன்றம் அதைத் தடுத்தது. சொந்த நாட்டின் தலைநகரில் தங்குவதற்கே காரணம் சொல்லவேண்டியிருந்த நிலையைக் கொட்டாஞ்சேனைக் கூலித் தொழிலாளி 1949லேயே அறிந்திருந்தான்.

2015 மார்ச்சில் தலைமன்னார்த் துறைவரை தண்டவாளம் மீண்டும் திறக்கப்பட்டது. அதன் முனையில் கப்பல் இல்லை. 2023 அக்டோபரில் நாகபட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு ஒரு கப்பல் வந்து சில நாட்களில் நின்று, 2024 ஆகஸ்டில் வேறொன்று தொடங்கியது. நம் வெள்ளவத்தைக் குடும்பம் கட்டுநாயக்காவிலிருந்து விமானத்தில் போவதென்று முடிவு செய்தது.

விசா விண்ணப்பத்தைப் பேரன் கணினியில் நிரப்பிக்கொண்டிருந்தான். முன்பு இந்தியா போனதுண்டா என்ற கேள்வி வந்தபோது அம்மம்மாவிடம் திரும்பினான்.

"ஓம், சின்ன வயசில. தனுஷ்கோடியால போனது."

"அது எங்கை இருக்கு, அம்மம்மா?" என்று கேட்டான் அவன்.