கொல்கத்தாவில் குறைந்தவர் யார்? பால் விகிதமும் மக்கள்தொகைச் சரிவும்

2001ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி கொல்கத்தா மாநகராட்சி எல்லைக்குள் 45,72,876 பேர் வாழ்ந்தனர். 2011இல் 44,96,694 பேர். பத்தாண்டில் 76,182 பேர், அதாவது 1.67 விழுக்காடு குறைந்துள்ளனர். இடைக்காலத்தில் மாநகராட்சியின் 185 சதுர கிலோமீட்டர் பரப்பு மாறவில்லை. எல்லையை ஒட்டிய ஜோக்கா ஊராட்சிகள் மாநகராட்சியுடன் இணைந்தது 2012இல்தான். எனவே எல்லை மாற்றத்தால் நேர்ந்த சரிவு அன்று இது. எல்லை மாறாத ஓர் ஊரின் மக்கள்தொகை மாறுவதற்கு இயற்கைப் பெருக்கமும் நிகர இடப்பெயர்வும் தவிர வேறு வழியில்லை. அதனால் இச்சரிவுக்கு இரண்டு காரணங்கள் சொல்வது வழக்கம்: பிறப்பு குறைந்தது; குடும்பங்கள் புறநகருக்குக் குடிபெயர்ந்தன. இரண்டும் மெய்யே. ஆனால் இரண்டையும் சேர்த்தாலும் இச்சரிவின் வடிவம் விளங்காது என்பது என் வாதம்.

மொத்த எண்ணை ஆண், பெண் எனப் பிரித்ததும் காட்சி மாறிவிடுகிறது. 2001இல் ஆண்கள் 25,00,040, 2011இல் 23,56,766. பெண்களோ 20,72,836இலிருந்து 21,39,928ஆகக் கூடியுள்ளனர். ஆண்கள் ஏறத்தாழ 1,43,000 குறைய, பெண்கள் 67,000 கூடினர். குறைந்தவர் கொல்கத்தா மக்கள் என்று பொதுவாகச் சொல்வதைவிட, கொல்கத்தா ஆண்கள் என்பதே துல்லியம். பிறப்பு குறைந்தால் ஆண் குழந்தைகளும் பெண் குழந்தைகளும் ஏறத்தாழ ஒரே அளவில் குறைவார்கள். குடும்பம் தெற்கு 24 பர்கானாவுக்கோ ராஜர்ஹாட்டுக்கோ குடிபோனால் கணவனும் மனைவியும் சேர்ந்தே போவார்கள். ஆண்களை மட்டும் குறைக்கும் ஆற்றல் இவ்விரண்டுக்கும் இல்லை. எஞ்சுவது மூன்றாவது காரணம்: ஊரில் குடும்பத்தை விட்டுவிட்டுத் தனியே பிழைக்க வந்த ஆண்களின் வரத்து வற்றியது. வங்க மொழியில் நகரத்துத் தங்குமிடத்தை ‘பாஸா’ என்றும் சொந்த ஊர் வீட்டை ‘பாடி’ என்றும் வேறுபடுத்திச் சொல்வார்கள். பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வங்கக் கிராமங்களிலிருந்தும் வந்து துறைமுகத்திலும் படாபஜாரிலும் சுமை தூக்கிய, கைரிக்ஷா இழுத்த ஆண்களுக்குக் கொல்கத்தா பாஸாவாகவே இருந்தது. அதனால்தான் 1961இல் ஆயிரம் ஆண்களுக்கு 600-ஐச் சற்றே தாண்டிய பெண்களே இந்நகரில் இருந்தனர். அந்த விகிதம் 2001இல் 829ஆகவும் 2011இல் 908ஆகவும் உயர்ந்தது. பெண்களைவிட ஆண்கள் மிகுந்திருந்த அளவு 4,27,204இலிருந்து 2,16,838ஆக, ஏறக்குறையப் பாதியாகச் சுருங்கியது.

பெண்கள் நெடுநாள் வாழ்வதே விகிதத்தை உயர்த்தியது என்று மறுக்கலாம். முதுமை எய்திவரும் நகரம் என்பதால் அதற்கும் பங்குண்டு. ஆனால் பெண்களின் ஆயுள் கூடுவதால் ஆண்களின் தலைக்கணக்கு குறையாது. இதைவிடக் கனமான மறுப்பு வேறு: நடைபாதையிலும் ‘மெஸ்’ எனப்படும் கூட்டுத் தங்குவிடுதிகளிலும் உறங்கும் ஆண்கள் கணக்கெடுப்பாளர் கண்ணில் படாமல் போயிருக்கலாமே? இருக்கலாம். எனினும் இந்த விடுபடல் எல்லாக் கணக்கெடுப்புகளுக்கும் பொதுவானது. அரை நூற்றாண்டாக ஒரே திசையில் நகரும் போக்கை ஒரு முறை நேர்ந்த பிழையால் விளக்கிவிட முடியாது. தொழில் நசிவே எல்லாவற்றுக்கும் காரணம் என்போர் பக்கமும் நியாயம் உண்டு. புறநகரையும் சேர்த்த கொல்கத்தா நகர்த்திரள் அதே பத்தாண்டில் 1.32 கோடியிலிருந்து சுமார் 1.41 கோடியாக மட்டுமே வளர்ந்தது. பெருநகரம் ஒன்றுக்கு இது மந்தமான வளர்ச்சி. ஆனால் அவர்கள் வாதம் என் முடிவை வலுப்படுத்தவே செய்கிறது: வேலை சுருங்கும்போது முதலில் நிற்பது தனி ஆண்களின் வரத்துதான். பீகார் இளைஞர் இன்று டெல்லிக்கும் மும்பைக்கும் கேரளத்துக்கும் தமிழ்நாட்டுக்கும் போகிறார். வங்க இளைஞரும் அப்படியே.

ஆகவே 1.67 விழுக்காட்டை வைத்து நகரம் காலியாகிறது என்று முடிவுகட்டுவது தவறு. 2011இல்கூடச் சதுர கிலோமீட்டருக்கு 24,000-க்கும் மேற்பட்டோர் நெருங்கி வாழ்ந்த இடம் இது. மாறிவருவது இங்கு வாழ்வோரின் அமைப்பே: மெஸ் கட்டிலில் உறங்கிய ஆணுக்குக் குழாய்த் தண்ணீரும் கழிப்பிடமும் போதும் என்று கருதிய திட்டங்கள், குடும்பமாக வாழ்வோருக்கும் முதியோருக்கும் பொருந்தா. மேற்கு வங்கத்தின் மொத்தக் கருவள விகிதம் 2019-21இல் 1.6, பதிலீட்டு அளவான 2.1-க்கு வெகு கீழே. இனி வரத்தும் இல்லையெனில் முதுமை இன்னும் விரைந்து கூடும். 2021இல் நடந்திருக்க வேண்டிய கணக்கெடுப்புக்கு இப்போது 2027 மார்ச் 1 குறிப்புநாளாக அறிவிக்கப்பட்டுள்ளது. அதன் முடிவுகளை வெளியிடுவோர் மொத்தத் தொகையோடு நின்றுவிடாமல், வயது, பால், பிறந்த இடம் மூன்றையும் இணைத்த அட்டவணைகளை வார்டு வாரியாகத் தர வேண்டும்.