சீட்டித் துணியும் வெறுஞ்சுவரும்

புதுவீடு புகுந்தவரின் கண்ணை முதலில் உறுத்துவது வெறுஞ்சுவர்தான். இருந்த பணத்தையெல்லாம் செங்கல்லும் மரமும் கொத்தனார் கூலியும் விழுங்கியிருக்கும். மிஞ்சிய சில்லறையில்தான் அந்தக் கட்டடத்தை வீடாக்க வேண்டும். இது இன்றைய அடுக்குமாடிவாசிகளுக்கு மட்டும் உரிய கவலை என்று எண்ண வேண்டாம். 17ஆம் நூற்றாண்டின் லண்டன் நடுத்தர வர்க்கத்துக்கும் இதே கவலை இருந்தது. அவர்கள் அதற்குக் கண்ட விடை நம் கரையிலிருந்து கப்பலேறிப் போயிற்று என்பதுதான் இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியது.

1663 செப்டம்பர் 5ஆம் தேதி, கடற்படை அலுவலகத்தில் பணியாற்றிய சாமுவேல் பீப்ஸ் தம் மனைவியுடன் லண்டன் கார்ன்ஹில் பகுதிக்குப் போனார். பல துணிகளைப் பார்த்துக் கழித்தபின், மனைவியின் புது அறைச் சுவரை மூடுவதற்கு வண்ணம் தீட்டிய இந்தியப் பருத்தித் துணி ஒன்றை வாங்கினார். அன்றிரவே அதை நாட்குறிப்பில் எழுதியும் வைத்தார். இப்படிப்பட்ட அற்பங்களை எழுதி வைத்தவர்களுக்கு வரலாறு எழுதுவோர் பெரிதும் கடன்பட்டிருக்கிறார்கள். அரசர்களின் கல்வெட்டு எதிலும் திரைச்சீலை வாங்கிய கணக்கு கிடைக்காது.

அக்கால ஐரோப்பாவில் சுவரை மறைக்கச் செல்வர்களிடம் இருந்தவை கம்பளியில் நெய்த சித்திரத் தொங்கல்களும் பொன்முலாம் பூசிய தோலும். இரண்டும் சாமானியரின் கைக்கு எட்டாதவை. அவர்களிடமிருந்த அச்சுத் துணிகளோ ஒரு சலவையில் வெளுத்துவிடும். இந்தியத் துணி துவைக்கத் துவைக்கத் துலங்கியது. வாங்கும்போது மலிவு, பத்தாண்டு உழைப்பதால் பின்னும் மலிவு. ஆங்கிலத்தில் ‘சின்ட்ஸ்’ என்று வழங்கிய அந்தத் துணியின் பெயர், புள்ளி, தெளிப்பு என்னும் பொருளுள்ள வடநாட்டுச் சொல்லிலிருந்து வந்தது. நம் பாட்டிமார் சொன்ன ‘சீட்டி’ என்பதும் அதே சொல்தான். சீட்டிப் பாவாடையும் லண்டன் சீமாட்டியின் படுக்கைத் திரையும் சொல்லளவில் உடன்பிறப்புகள்.

இந்தத் துணிகளில் உயர்ந்தவை சோழமண்டலக் கரையில் எழுதப்பட்டவை. எழுதப்பட்டவை என்றே சொல்ல வேண்டும். இவை அச்சடித்தவை அல்ல. மசூலிப்பட்டினம் தொடங்கிப் பழவேற்காடு, சதுரங்கப்பட்டினம், புதுச்சேரி என்று கீழிறங்கும் அந்தக் கரையில் கடலூருக்கும் பரங்கிப்பேட்டைக்கும் தனிப் பங்குண்டு. சித்திரத் துணியைவிட வெள்ளை நீளத்துணிக்கும் நீலச் சாயத் துணிக்குமே இப்பகுதி அதிகம் பேர் பெற்றது. ஆனால் நல்ல வெள்ளைத் துணி இல்லாமல் சித்திரம் ஏது?

1690இல், செஞ்சியிலிருந்த மராட்டியரிடமிருந்து தேவனாம்பட்டினம் கோட்டையை ஆங்கிலக் கம்பெனி விலைக்கு வாங்கியது. சென்னையில் அப்போது ஆளுநராக இருந்தவர் எலிஹு யேல். கோட்டையிலிருந்து பீரங்கியால் சுட்டு, குண்டு விழுந்த தொலைவு வரை உள்ள நிலமெல்லாம் கோட்டைக்கு உரியது என்பது ஒப்பந்தம். அவ்வாறு எல்லைக்குள் வந்த ஊர்களைக் ‘குண்டு கிராமங்கள்’ என்று வெகுகாலம் அழைத்தார்கள். செயின்ட் டேவிட் கோட்டையானது அந்த இடம்தான். 1746இல் சென்னை பிரெஞ்சுக்காரர் வசம் போனபோது, தென்னிந்தியாவில் ஆங்கிலேயரின் தலைமையிடமாகவே அது மாறியது. கோட்டை, பீரங்கி, போர் என்று நம் பாடநூல்கள் இதை விவரிக்கும். அத்தனையும் எதற்காக என்று கேட்டால், நேர்மையான பதில் துணிக்காக என்பதுதான்.

கம்பெனி நெசவாளியிடம் நேரே போகவில்லை. ஊர் வணிகர்களுக்கு முன்பணம் கொடுத்தது. அவர்கள் தரகர் வழியாகத் தறிக்குக் கொடுத்தார்கள். நீளத்துணி ஒரு சுருள் ஏறத்தாழ 36 கஜம். அதன் தரத்தைப் பாவு இழைகளின் எண்ணிக்கையால் அளந்தார்கள்; 120 இழை ஒரு புஞ்சம். புஞ்சம் கூடக் கூட விலையும் கூடும். புதுவையில் நாட்குறிப்பு எழுதிய ஆனந்தரங்கப் பிள்ளையும் இளமையில் பரங்கிப்பேட்டையில் பிரெஞ்சுக் கம்பெனியின் துணி வேலையை மேற்பார்த்தவர். அவருடைய நாட்குறிப்பை அரசியல் ஆவணமாகவே படித்துப் பழகிவிட்டோம். அதை ஒரு ஜவுளி வியாபாரியின் குறிப்பேடாகவும் ஒருமுறை படித்துப் பார்க்க நண்பர்களுக்குப் பரிந்துரைக்கிறேன்.

சித்திரத் துணி உருவாகும் விதத்தை ஓரளவு முழுமையாக எழுதி வைத்தவர் ஓர் ஏசு சபைப் பாதிரியார். கேர்து என்ற அந்தப் பிரெஞ்சுக்காரர், கிறித்தவரான ஓவியர்களிடம் கேட்டறிந்து 1742இல் ஒரு நீண்ட கடிதமாகத் தம் நாட்டுக்கு அனுப்பினார். பாவமன்னிப்புக் கேட்க வந்தவர்களிடம் தொழில் ரகசியமும் கேட்டாரா என்று எனக்கொரு குறும்பான ஐயம் உண்டு, போகட்டும்.

வேலை இப்படி நடக்கும். பாதி வெளுத்த துணியைக் கடுக்காய்த் தூளும் எருமைப்பாலும் கலந்த கரைசலில் ஊறவைத்து உலர்த்துவார்கள். பாலின் கொழுப்பு, பின்னால் எழுதும் கோடு கசிந்து பரவாமல் தடுக்கும். துணியை மரத்தால் அடித்து வழவழப்பாக்குவார்கள். ஊசித்துளையிட்ட தாளைத் துணிமேல் விரித்துக் கரித்தூளைத் தட்டினால் சித்திரம் புள்ளிகளாக இறங்கும். அதன்மேல் மூங்கில் எழுதுகோலால் இருவகைக் கோடுகள் வரைவார்கள். கருங்கோட்டுக்குத் துருப்பிடித்த இரும்பைப் புளிக்கவைத்து எடுத்த நீர். சிவப்புக் கோட்டுக்குப் படிகார நீர். படிகார நீருக்குத் தனி நிறம் கிடையாது. பிறகு சாயவேர் கொதிக்கும் கொப்பரையில் துணி முழுவதையும் அமிழ்த்துவார்கள். படிகாரம் தொட்ட இடம் மட்டும் சிவந்து நிலைக்கும். மற்ற இடத்தில் ஏறிய நிறம் சாணத்திலும் வெயிலிலும் பலமுறை வெளுத்தால் போய்விடும். நிறத்தைத் துணிமேல் பூசுவது ஐரோப்பியர் அறிந்த வழி. நிறம் எங்கே பிடிக்க வேண்டும் என்று துணிக்கே சொல்லிவைப்பது நம் ஓவியர்கள் அறிந்தது. வெளுக்காத அழகின் விளக்கம் அதுதான்.

நீலம் இதற்கு நேர்மாறு. அவுரிச் சாயத்துக்குப் படிகாரம் வேண்டியதில்லை. பட்ட இடமெல்லாம் பிடிக்கும். ஆகவே நீலம் வேண்டாத பரப்பு முழுவதையும் உருகிய மெழுகால் மூடி, துணியை நீலச் சாயக்காரரிடம் அனுப்புவார்கள். அவர் தோய்த்துத் திருப்பிய பிறகு வெந்நீரில் மெழுகை அகற்றுவார்கள். மீண்டும் படிகாரம், மீண்டும் சாயவேர். கடைசியாக மஞ்சள். நீலத்தின் மேல் மஞ்சள் தீட்டினால் இலைக்குப் பச்சை வரும். இந்த மஞ்சள் ஒன்றுதான் நிலைக்காதது. அருங்காட்சியகங்களில் இன்றுள்ள பழைய சித்திரத் துணிகளில் மரங்கள் நீல இலைகளோடு நிற்பதற்குக் காரணம் இதுவே. வரைந்தவன் பச்சை இலைதான் வரைந்தான்.

வாங்குபவரின் ருசிக்கு ஏற்பத் துணியும் மாறியது. 1643இலேயே லண்டன் இயக்குநர்கள் இந்தியாவிலிருந்த தம் ஆட்களுக்கு எழுதினார்கள்: அடர்சிவப்புப் பின்னணி எல்லோருக்கும் பிடிக்கவில்லை, வெண்மையான பரப்பில் வண்ணப் பூக்களும் கொடிகளும் வரட்டும் என்று. அப்படித்தான், பாறைமேல் வேரூன்றி வளைந்து ஏறும் அந்தப் பூமரம் கட்டில் விரிப்புகளின் நடுவே வந்து நின்றது. பாரசீகமும் சீனமும் ஆங்கிலத் தையல் வேலையும் கலந்த மரம் அது. எந்தக் காட்டிலும் முளைக்காதது.

இனி அந்தத் துணி போய்ச் சேர்ந்த வீடுகளைப் பார்ப்போம். முழு விரிப்பு வாங்க இயலாதவர்கள் துண்டு வாங்கினார்கள். பழைய ஆடையின் கிழியாத பகுதியைப் பாதுகாத்தார்கள். பூவையும் பறவையையும் கிளையையும் விளிம்போடு கத்தரித்து, விலை குறைந்த வெள்ளைத் துணிமேல் பரப்பித் தைத்தார்கள். ஒரு முழத் துணியிலுள்ள பூக்கள் ஒரு கட்டிலையே மூடின. இதை ஏழ்மையின் தந்திரம் என்று மட்டும் ஒதுக்கிவிட முடியாது. எந்தப் பூவுக்குப் பக்கத்தில் எந்தப் பறவை என்று தீர்மானிக்கும்போது தைப்பவள் ஒரு படைப்பாளி ஆகிறாள். இங்கிலாந்தின் கம்பிரியாவில் லெவன்ஸ் ஹால் என்ற மாளிகையில், இந்தியச் சீட்டித் துண்டுகளால் அவ்வீட்டுப் பெண்கள் தைத்ததாகச் சொல்லப்படும் ஒட்டுப் போர்வையும் கட்டில் தொங்கல்களும் உள்ளன. அவை 1708ஐ ஒட்டியவை என்பது வழிவழியாக வரும் கூற்று. அந்நாட்டில் எஞ்சியுள்ள ஒட்டுத் தையல்களில் மிகப் பழையவற்றுள் அது ஒன்று. பிற்காலத்தில் இந்தக் கலை அமெரிக்காவின் தென்மாநிலங்களிலும் பரவியது. டச்சு நாட்டின் ஹிண்டலோப்பன் என்ற சிறு துறைமுக ஊரில் பெண்களின் மரபு உடையே சீட்டியால் ஆனது.

கத்தரித்து ஒட்டும் அந்தத் தையலுக்கு 19ஆம் நூற்றாண்டில் பரவிய பெயர் ‘ப்ரோதரி பெர்ஸ்’. பாரசீகப் பூத்தையல் என்பது பொருள். அது பாரசீகமும் அல்ல, பூத்தையலும் அல்ல. மறுபக்கம், சீனர்கள் செய்த அரக்குப்பூச்சுத் திரைத்தட்டிகள் நம் கரை வழியாகக் கப்பல் மாறிப் போனதால் ஐரோப்பாவில் அவற்றின் பெயர் ‘கோரமண்டல் திரை’. நாம் எழுதிய துணி பாரசீகம் ஆயிற்று. சீனன் செய்த தட்டி சோழமண்டலம் ஆயிற்று. கணக்கு நேராகிவிட்டது என்று வேண்டுமானால் ஆறுதல் கொள்ளலாம்.

லெவன்ஸ் ஹாலில் ஊசி ஓடிக்கொண்டிருந்த அதே காலத்தில், 1708இல், டேனியல் டிஃபோ தம் பத்திரிகையில் குமுறினார். இந்தத் துணி முதலில் தரையில் விரிப்பாகக் கிடந்தது, பிறகு சீமாட்டிகளின் உடம்புக்கு ஏறியது, இப்போது படுக்கையறையிலும் திரையிலும் மெத்தையிலும் நாற்காலியிலும் புகுந்துவிட்டது என்பது அவருடைய புகார். ஆங்கிலக் கம்பளி, பட்டு நெசவாளிகளின் பிழைப்பு இதில் அடங்கியிருந்தது. அவர்கள் கோபத்தைப் பொய்யென்று சொல்ல முடியாது. 1697இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் மாளிகையைத் தாக்கினார்கள். 1719இல் ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் நெசவாளிகள் தெருவில் போகும் பெண்களின் சீட்டி உடையைக் கிழித்தார்கள், அமிலம் வீசினார்கள். இந்தியாவிலிருந்து வரும் சித்திரத் துணியை உள்நாட்டில் பயன்படுத்துவது 1701 முதல் சட்டப்படி தடை செய்யப்பட்டிருந்தது. 1721இல் வந்த சட்டம் உள்நாட்டில் அச்சடித்த பருத்தித் துணியையும் சேர்த்துத் தடுத்தது. உடுத்தியவருக்கு 5 பவுண்டு அபராதம், விற்றவருக்கு 20 பவுண்டு. கட்டில், நாற்காலி, சன்னல் திரை எதுவும் தப்பவில்லை. பிரான்சு 1686இலேயே தடை போட்டு 1759 வரை கட்டிக்காத்தது. ஒரு வீட்டுச் சன்னல் திரையைக் குற்றப்பொருளாக்கிய சட்டங்கள் உலகில் அதிகம் இருக்க முடியாது.

தடை எப்படி அமலானது என்பதற்கு நடிகர் டேவிட் கேரிக் வீட்டுக் கதை சாட்சி. கல்கத்தாவில் நாடக அரங்கு நடத்தியவர்களுக்கு அவர் உதவியிருந்தார். அவர்கள் நன்றியாக அனுப்பிய மசூலிப்பட்டினத்துச் சித்திரத் துணி, அவருடைய ஹாம்ப்டன் மாளிகைக் கட்டிலுக்கானது. சுங்க அதிகாரிகள் அதைப் பறித்துக்கொண்டார்கள். கேரிக் 1775இல் அரசாங்க நண்பர் ஒருவருக்குக் கெஞ்சலும் கேலியுமாக எழுதினார். அந்தக் கட்டிலும் அதன் தொங்கல்களும் இப்போது லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

நம் ஊர்களில் இதே காலத்தில் வீடுகள் எப்படி இருந்தன? சித்திரத் துணி இங்கே வீட்டுச் சுவருக்குப் போனதைவிடக் கோயிலுக்கும் தேருக்கும் போனதே அதிகம். தேரில் தொங்கும் தொம்பை, சாமிக்கு மேல் கட்டும் விதானம். விதானம் என்ற சொல்லே துணி மேற்கட்டியையும் கூரையின் உட்புறத்தையும் ஒருங்கே குறிப்பது. சிதம்பரம் சிவகாமியம்மன் சன்னதியின் கூரையில் உள்ள 17ஆம் நூற்றாண்டு நாயக்கர் கால ஓவியங்களை அண்ணாந்து பார்த்தால் சொல்லின் நியாயம் புரியும். பட்டை பட்டையாகப் பிரித்து கரை போட்டிருக்கும் முறை, விரித்துக் கட்டிய சீலையையே நினைவூட்டுகிறது. சிதம்பரமோ வெறும் வெளியின் முன் ஒரு திரையைத் தொங்கவிட்டு, பொன் வில்வ மாலை சாத்தி, அதையே ரகசியம் என்று வணங்கும் ஊர். அலங்காரத்தில் இதைவிடச் சிக்கனம் கிடையாது. வீடுகளுக்குச் சுண்ணாம்பு, காவிப்பட்டை, அரிசிமாக் கோலம், மாவிலை. கடலூர் வண்டிப்பாளையத்திலும் பண்ருட்டியிலும் செய்யும் மண் பொம்மைகள் நவராத்திரியில் இந்தச் சிக்கனத்துக்கு ஒன்பது நாள் விடுமுறை தருகின்றன.

லண்டன் குடும்பத்தலைவியின் சிக்கனத்துக்குக் கடலூர் நெசவாளி பட்டினி கிடந்தானா என்பது எனக்குள் நெடுநாள் இருந்த கேள்வி. 2001இல் வெளிவந்த தம் நூலில் பிரசன்னன் பார்த்தசாரதி இதற்கு எதிர்பாராத விடை தருகிறார். 18ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் தென்னிந்திய நெசவாளியின் வாழ்க்கைத்தரம் ஆங்கிலேய நெசவாளியினுடையதற்குக் குறைந்ததல்ல. தானியம் மலிவாக இருந்ததால் கூலி காசளவில் குறைவாகத் தெரிந்தது. பிடிக்காவிட்டால் முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வேறு வணிகரிடம் போக அவனால் முடிந்தது. ஊரையே விட்டுப் பெயரவும் முடிந்தது. கம்பெனியே அரசாங்கமான பிறகுதான் அந்தக் கதவு மூடியது. இந்த வாதத்தை மறுப்போர் உண்டு. எனக்கு இது ஏற்புடையதாகவே படுகிறது. துணியின் மலிவுக்கும் தறிக்காரனின் வறுமைக்கும் இடையே நாம் இயல்பாக முடிச்சுப் போடுகிறோம். அந்த முடிச்சுக்கும் ஒரு தேதி இருக்கிறது.

கடலூரைப் பொறுத்தவரை அந்தத் தேதிகள் வரிசையாக வந்தன. 1758இல் லாலி செயின்ட் டேவிட் கோட்டையைப் பிடித்து இடித்தார். 1781இல் பரங்கிப்பேட்டையில் ஹைதர் அலிக்கும் அயர் கூட்டுக்கும் போர். 1782இல் கடலூர் பிரெஞ்சுக்காரர் கைக்குப் போய், மறு ஆண்டு முற்றுகையைச் சந்தித்து, 1785இல் திரும்பியது. அதே 1783இல் இங்கிலாந்தில் தாமஸ் பெல் உருளை அச்சுக்குக் காப்புரிமை பெற்றார். தடைச் சட்டத்தின் நிழலில் வளர்ந்த ஆங்கிலத் துணி அச்சுத் தொழில், 1774இல் தடை நீங்கியதும் பருத்தி முழுவதையும் எடுத்துக்கொண்டது. 1868இல் ஜெர்மானியர்கள் சாயவேரின் சிவப்பைச் சோதனைச் சாலையில் செய்தார்கள். 1897இல் செயற்கை நீலம் சந்தைக்கு வந்தது. அவுரிப் பயிரில் முன்னணியில் நின்ற தென்னாற்காட்டு வயல்கள் வேறு பயிருக்கு மாறின. கடலூரில் இன்று ரசாயனம் என்றால் சிப்காட் ஆலைகள்தான் நினைவுக்கு வரும்.

மான்செஸ்டர் அச்சுத் துணி நம் சந்தைகளுக்கு வந்தபோது அதற்கும் சீட்டி என்றே பெயர் வைத்தார்கள். பெண்குழந்தைக்குத் தீபாவளிக்கு மலிவாக ஒரு பூப்போட்ட பாவாடை வேண்டுமென்றால் சீட்டிதான். தமிழ்நாட்டில் எழுதுகோலால் துணியில் வரையும் கலை, தஞ்சைப் பகுதியில் கருப்பூர் கலம்காரி என்ற பெயரில் எஞ்சியிருக்கிறது. அதற்கு 2021இல் புவிசார் குறியீடு கிடைத்தது. தொம்பையும் விதானமும் இன்னும் அங்கே எழுதுகிறார்கள். வீட்டுச் சுவருக்கு ஏற்ற அளவிலும் எழுதித் தருகிறார்கள்.