சொன்னவர் வாக்கும் சொல்பவர் கடனும்

ஆனி மகம் மாணிக்கவாசகப் பெருமானின் குருபூசை நாள். மேலூரை அடுத்த திருவாதவூர் அப்பெருமான் அவதரித்த தலம். திருமறைநாதரும் வேதநாயகி அம்மையும் எழுந்தருளிய பதி. வாதவூரரை நினைக்குந்தோறும், கோயில் மேடைகளில் புராணம் சொல்லும் நம்போன்றோர் மறக்கலாகாத நிகழ்ச்சி ஒன்று நெஞ்சில் எழுகின்றது.

தில்லையில் அந்தணர் வடிவில் வந்த இறைவன், அடிகள் ஓத ஓதத் திருவாசகத்தையும் திருக்கோவையாரையும் தன் திருக்கையால் ஏட்டில் எழுதிக்கொண்டான் என்பது நம் மரபு கூறும் வரலாறு. எழுதி முடித்தவன் அவற்றைத் தன் நூல் என்றானில்லை. சொன்னவர் மாணிக்கவாசகர், எழுதியவன் திருச்சிற்றம்பலமுடையான் என்பது விளங்கக் கைச்சாத்திட்டு, பஞ்சாக்கரப் படியில் வைத்து மறைந்தான். ஏட்டைக் கண்ட தில்லைவாழந்தணர்கள் அடிகளை அணுகிப் பொருள் விரிக்குமாறு வேண்டினர். அடிகள் அவர்களை அம்பலத்தின் முன் அழைத்துச் சென்றார். இதன் பொருள் இவனே என்று கூத்தப்பிரானைச் சுட்டினார். அவ்வளவில் இறைவனோடு இரண்டறக் கலந்தார்.

பாடியவரே தம் பாட்டை வேறு சொற்களால் விரிக்கவில்லை எனின், பின்வந்த நாம் எவ்வாறு விரிப்பது? ஒருவர் வாக்கை மற்றொருவர் தம் வாக்கால் சொல்லுதல் தகுமா? தகும் என்பதே நம் முன்னோர் முடிபு. ஆனால், அதற்கு ஒரு முறை உண்டு.

தொல்காப்பிய மரபியல் நூல்களை முதல்நூல் என்றும் வழிநூல் என்றும் பகுத்தது. வழிநூல் செய்யும் நெறிகளைத் தொகுத்தல், விரித்தல், தொகைவிரித்தல், மொழிபெயர்த்தல் என நான்காக வகுத்தது. நன்னூலாரோ, முன்னோர் கண்ட பொருளைப் போலவே அவர்தம் சொல்லும் போற்றத்தக்கது. ஆதலின் பழைய சூத்திரங்கள் புதிய நூலினுள்ளும் இடம்பெறும் என்று காரணம் கூறினார். பொருளை எடுத்துக்கொண்டு, சொன்னவரை மறந்துவிடுதல் இந்நெறிக்கு ஒவ்வாது.

இம்முறைக்கு இலக்கியமாய் விளங்குவது திருத்தொண்டர் வரலாறு. சுந்தரமூர்த்தி நாயனார் திருவாரூரில் திருத்தொண்டத்தொகையைப் பதினொரு பாடல்களாக அருளினார். நம்பியாண்டார் நம்பிகள் அதனைத் திருத்தொண்டர் திருவந்தாதியாக வகுத்தார். அநபாயச் சோழன் எனப்பெற்ற இரண்டாம் குலோத்துங்கன் (1133–1150) காலத்தில் வாழ்ந்த சேக்கிழார் பெருமான் 4,000-க்கு மேற்பட்ட பாடல்களில் அதனை விரித்தார். தொகையில் ஒரு தொடரளவில் நின்ற கண்ணப்பர் பெருமை, பெரியபுராணத்தில் 180-க்கு மேற்பட்ட பாடல்களாயிற்று.

இத்துணை விரித்தவர் முதல் வாக்கை மறைத்தாரா? இல்லை. பெரியபுராணத்தின் 13 சருக்கங்களுள் 11 சருக்கங்களுக்குச் சுந்தரர் பாடல்களின் தொடக்கச் சொற்களையே பெயராக இட்டார். அச்சருக்கந்தோறும் இறுதியில் சுந்தரரைப் போற்றினார். இந்நூலுக்கு முதல் எது, வழி எது என்பதை நூலின் அமைப்பே பறைசாற்றுகின்றது.

மதுரை மண்ணிலும் இதனைக் காணலாம். பெரும்பற்றப்புலியூர் நம்பியும் பரஞ்சோதி முனிவரும் ஆலவாய் இறைவனின் 64 திருவிளையாடல்களைத் தனித்தனியே பாடினர். இருவரும் அவற்றை வைத்த வரிசை வேறு. பரஞ்சோதியார் நூலில் 58 முதல் 61 வரையுள்ள படலங்கள் வாதவூரடிகள் சரிதமாகும். கடவுள் மாமுனிவரோ அச்சரிதத்தையே திருவாதவூரடிகள் புராணம் எனத் தனி நூலாக்கினார். எனவே, நரி பரியான கதையைச் சொல்லப் புகுவோர், எந்நூலில் கண்டதைச் சொல்கின்றோம் என்று கூறிவிட்டுத் தொடங்குதல் நன்று.

யாழ்ப்பாணத்து நல்லூர் ஆறுமுக நாவலர் 1847-இல் வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் சைவப் பிரசங்கத்தைத் தொடங்கினார். இன்று நாம் நிற்கும் மேடைக்கு அஃது ஒரு முன்னோடி. 1852-இல் அவர் பெரியபுராணத்தை வசனமாக்கி அச்சிட்டார். செய்யுள் பயிலாத எளியோரும் நாயன்மாரை அறிந்தனர். எனினும் நாவலர் அதனைச் சேக்கிழார் வாக்கின் வசனமாகவே தந்தார். கடல் கடந்தும் இம்முறை பிழைக்கவில்லை. 1900-இல் ஆக்ஸ்போர்டில் திருவாசகத்தை ஆங்கிலத்தில் வெளியிட்ட போப் ஐயர், 51 பதிகங்களின் தமிழ் மூலத்தையும் உடன் பதிப்பித்தார். தம் சொல்லோடு அடிகள் சொல்லையும் ஒப்பிட்டுப் பார்க்கப் படிப்பவர்க்கு வழி வைத்தார்.

இவ்வளவும் கற்றிருந்தும் நாம் ஒருமுறை வழுவினோம். பல்லாண்டுகளுக்கு முன், மேலூரைச் சார்ந்த ஒரு சிற்றூர்க் கோயில் விழாவில் கண்ணப்பர் சரிதம் சொன்னோம். காட்டுக்குச் சென்ற மகன் மீளவில்லை என்று கேட்ட தாய் தத்தை இரவெல்லாம் புலம்பியதாக, நாமே சில சொற்களைப் புனைந்து உருக்கமாக உரைத்தோம். கேட்டவர் கண் கலங்கினர், நாமும் மகிழ்ந்தோம். மறு ஆண்டு அவ்வூர் சென்றபோது மூதாட்டி ஒருவர் நம்மிடம் வந்தார்.

“சாமி, தத்தையம்மா அழுததைச் சேக்கிழார் பாடியிருக்கார்னு போன வருசம் சொன்னீங்களே, அதை இன்னொரு தரம் சொல்லுங்க. பேரப்பிள்ளைகளுக்கு அதைத்தான் சொல்லிக்கிட்டு வாரேன்” என்றார்.

நாணம் நம்மைப் பிடித்தது. “அம்மா, அது சேக்கிழார் வாக்கன்று, நம் கற்பனை” என்றோம். அவர் சினந்தாரில்லை. சிறிது நேரம் நம் முகத்தையே பார்த்தார். “அப்படீன்னா சேக்கிழார் என்னதான் சொல்லியிருக்கார், சாமி?” என்று கேட்டார்.

அன்றிரவு மேடையில் பிழையை எடுத்துரைத்து, நூலைக் கையிலேந்திப் பாடல்களை ஓதிப் பொருள் சொன்னோம். கேட்போர் நம்மை நம்பவில்லை. நம் வாயிலாகச் சேக்கிழாரை நம்புகின்றனர். அந்நம்பிக்கை நம்மிடம் வைத்த அடைக்கலப் பொருள். அதில் நம் செம்பைக் கலந்து பொன் என்று திருப்பித் தருதல் பெரும்பிழை.

ஆதலின், சொன்னவர் பெயரை முதலில் சொல்வோம். அவர் கருதிய பொருள் திரியாமல் நம் சொல்லில் விளக்குவோம். நம் கருத்து ஒன்று தோன்றின், இது நம் கருத்து என்று பிரித்து உரைப்போம். இறைவனே, சொன்னவர் பெயரைப் பொறித்தன்றோ ஏட்டை வைத்துச் சென்றான்! அடிகள் அம்பலத்தைச் சுட்டிய விரல் போல, நம் சொல்லும் மூலத்தைச் சுட்டி நின்றால் போதும்.

திருச்சிற்றம்பலம்.