லிங்க் வந்த வழி



"டீச்சர், அந்தக் கட்டுரையோட லிங்க் இருந்தா போடுங்க." வாரத்துக்கு இரண்டு மூன்று பேராவது இப்படிக் கேட்கிறீர்கள். நானும் நகலெடுத்து, ஒட்டி, அனுப்பிவிட்டு அடுப்படிக்குப் போய்விடுகிறேன். தொலைபேசி என்றால் கிரகாம் பெல், நீராவி எஞ்சின் என்றால் ஜேம்ஸ் வாட் என்று உங்களை மனப்பாடம் செய்ய வைத்தவள் நான். லிங்க் என்றால் யார்? அந்தப் பாடம் நம் சமூக அறிவியல் புத்தகத்தில் இல்லை. ஓய்வு பெற்ற பிறகு கிடைத்த நேரத்தில் படித்ததை இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்தக் கதையைக் கணினியில் தொடங்கக் கூடாது. 1945ஆம் ஆண்டு ஜூலை மாதம் 'அட்லாண்டிக்' என்ற அமெரிக்கப் பத்திரிகையில் வானெவர் புஷ் ஒரு கட்டுரை எழுதினார். இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்காவின் ஆயிரக்கணக்கான விஞ்ஞானிகளை ஒருங்கிணைத்து நடத்தியவர் அவர். அவருடைய கவலை இதுதான்: ஆராய்ச்சிகள் மலை மலையாகக் குவிகின்றன, ஆனால் வேண்டிய நேரத்தில் வேண்டியது கையில் கிடைப்பதில்லை. நூலகத்தில் அகர வரிசைப்படி அடுக்குகிறோம். மனித மனம் அப்படியா வேலை செய்கிறது? ஒன்றை நினைத்தால் அது இன்னொன்றை இழுத்து வருகிறது. மாங்காய் என்றதும் உப்பும் மிளகாய்த்தூளும் ஞாபகம் வருகிற மாதிரி. (உதாரணம் என்னுடையது, அவருடையது அல்ல.)

அதற்காக அவர் கற்பனை செய்தது ஒரு மேசை. பெயர் 'மெமெக்ஸ்'. புத்தகங்கள், கடிதங்கள் எல்லாம் மைக்ரோஃபிலிமாக மேசைக்குள்ளே இருக்கும். இரண்டு பக்கங்களைத் திரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு பொத்தானை அழுத்தினால் இரண்டும் நிரந்தரமாகப் பிணைக்கப்பட்டுவிடும். அப்படிப் பிணைத்துக்கொண்டே போனால் ஒரு தடம் உருவாகும். அவர் தரும் எடுத்துக்காட்டு எனக்கு மிகவும் பிடித்தது. சிலுவைப் போர்களில் ஆங்கிலேயரின் நீண்ட வில்லைவிடத் துருக்கியரின் குட்டை வில் ஏன் மேலாக இருந்தது என்று ஒருவர் ஆராய்கிறார். கலைக்களஞ்சியம், வரலாற்று நூல், பொருள்களின் நெகிழ்வுத்தன்மை பற்றிய பாடநூல் என ஒவ்வொன்றாகப் பிணைத்துக்கொண்டு போகிறார். பல வருடம் கழித்து ஒரு நண்பரோடு பேசும்போது அந்தப் பேச்சு வருகிறது. உடனே பழைய தடம் முழுவதையும் படமெடுத்து நண்பரிடம் கொடுக்கிறார், 'உன் மேசையில் போட்டுக்கொள்' என்று.

இங்கே நான் படிப்பதை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். நீங்கள் தினமும் வாட்ஸ்அப்பில் செய்வதுதானே இது! லிங்க்கை உண்டாக்குவது, அதை ஒருவருக்குக் கொடுப்பது இரண்டையும் அந்த மனிதர் காகிதத்தில் செய்து முடித்துவிட்டார். மெமெக்ஸ் கடைசிவரை கட்டப்படவே இல்லை.

அந்தக் கட்டுரையைப் பிலிப்பைன்ஸில் கடற்படைப் பணியில் இருந்த ஓர் இளைஞர், செஞ்சிலுவைச் சங்க நூலகம் ஒன்றில் படித்தார். பெயர் டக்ளஸ் எங்கல்பர்ட். ரேடார் தொழில்நுட்ப வேலை. 23 ஆண்டுகள் கழித்து, 1968 டிசம்பர் 9 அன்று, சான் பிரான்சிஸ்கோவில் ஏறத்தாழ ஆயிரம் கணினி வல்லுநர்கள் முன்னால் 90 நிமிடம் ஒரு செயல்விளக்கம் காட்டினார். மவுஸ் என்பதை வெளியுலகம் பார்த்தது அன்றுதான். திரையில் ஒரு சொல்லைச் சொடுக்கினால் அதோடு தொடர்புடைய இன்னொரு இடத்துக்குத் தாவிப் போனது. இவ்வளவு பெரிய சபையில் விளக்கத்துக்கு அவர் எடுத்துக்கொண்டது என்ன தெரியுமா? வீட்டுக்கு மளிகை வாங்கும் பட்டியல். நல்ல ஆசிரியர் என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன்.

இதற்கு நடுவே, 1965இல், டெட் நெல்சன் என்பவர் 'ஹைப்பர்டெக்ஸ்ட்' என்ற சொல்லை உருவாக்கினார். தமிழில் மீயுரை என்கிறோம். அவர் கனவு கண்ட லிங்க் இரண்டு பக்கமும் போகக்கூடியது. நான் உங்கள் பக்கத்தைச் சுட்டினால், என்னை யார் யார் சுட்டுகிறார்கள் என்று உங்களுக்கும் தெரியும். நம் உறவுமுறை மாதிரி. நான் உனக்கு அத்தை என்றால் நீ எனக்கு மருமகள், ஒரு பக்கம் மட்டும் உறவு கிடையாது. இன்றைய லிங்க் அப்படி இல்லை. நீங்கள் என்னைச் சுட்டியிருப்பது எனக்குத் தெரியவே தெரியாது. நெல்சனுக்கு இதில் வருத்தம்.

ஏன் அப்படி ஆயிற்று? அதற்குக் காரணமானவர் டிம் பெர்னர்ஸ்-லீ. ஜெனீவா அருகே, பிரான்ஸ் சுவிட்சர்லாந்து எல்லையில் உள்ள செர்ன் அணு ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தவர். அங்கே ஆயிரக்கணக்கானோர் வருவார்கள், போவார்கள். ஒவ்வொருவரிடமும் ஒவ்வொரு வகைக் கணினி. யாரிடம் எந்த விவரம் இருக்கிறது என்று கண்டுபிடிப்பதே பெரும்பாடு. 1989 மார்ச்சில் அவர் ஒரு திட்டம் எழுதி மேலதிகாரி மைக் செண்டாலிடம் கொடுத்தார. செண்டால் அதன் மேல் ஓரத்தில், தெளிவில்லை, ஆனால் ஆர்வமூட்டுகிறது என்ற பொருளில் சின்னதாக எழுதி வைத்தார். விடைத்தாள் ஓரத்தில் நாங்கள் எழுதுகிற மாதிரியே. அந்தத் தெளிவில்லாத திட்டம்தான் 1990 முடிவதற்குள் உலகின் முதல் வலைத்தளமாக ஓடத் தொடங்கியது.

அவர் எடுத்த ஒரு முடிவில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. அதற்கு முந்தைய அமைப்புகளில் எல்லா இணைப்புகளையும் ஒரே இடத்தில் பதிவேடு போட்டு வைத்திருப்பார்கள். ஒரு பக்கம் நீங்கினால் அதைச் சுட்டும் இணைப்பும் சரிசெய்யப்படும். ஒழுங்கானது, ஆனால் உலகம் முழுக்க விரியாது. பெர்னர்ஸ்-லீ பதிவேட்டைத் தூக்கி எறிந்தார். யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம், யாரும் எந்தப் பக்கத்தையும் சுட்டலாம். சுட்டப்பட்ட பக்கம் நாளைக்கு இல்லாமல் போனால்? போகட்டும், '404' என்று ஒரு செய்தி வரும், அவ்வளவுதான். (செர்னில் 404ஆம் எண் அறை இருந்தது, அதிலிருந்துதான் இந்த எண் வந்தது என்று ஒரு கதை உலவுகிறது. கட்டுக்கதை. ஃபார்வர்டு செய்யாதீர்கள்.) இணைப்புகள் உடைவதை அனுமதித்ததால்தான் வலை வளர்ந்தது. அதே காரணத்தால்தான் இன்று அது உதிர்ந்துகொண்டும் இருக்கிறது.

1991இல் அமெரிக்காவில் சான் அன்டோனியோ நகரில் நடந்த மீயுரை மாநாட்டுக்கு அவர் அனுப்பிய கட்டுரையை ஏற்க மறுத்துவிட்டார்கள். செயல்விளக்கம் காட்ட மட்டும் இடம் கொடுத்தார்கள். 1993 ஏப்ரல் 30 அன்று செர்ன் இந்தத் தொழில்நுட்பம் முழுவதையும் காசு வாங்காமல் பொதுவில் விட்டது. இது எவ்வளவு பெரிய கொடை என்பது பிறகுதான் புரிந்தது. 2000ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் டெலிகாம் நிறுவனம், லிங்க் என்பதே எங்கள் காப்புரிமை என்று அமெரிக்க நீதிமன்றத்தில் வழக்குப் போட்டது. 2002இல் அது தள்ளுபடியானது. வேறு மாதிரித் தீர்ப்பு வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

லிங்க் நீல நிறத்தில் இருப்பதை எல்லோர் கண்ணுக்கும் பழக்கியது 1993இல் இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்தில் உருவான 'மொசைக்' உலாவி. 1998இல் தொடங்கிய கூகுள், ஒரு பக்கத்தை எத்தனை பேர் சுட்டுகிறார்கள், சுட்டுகிறவர்கள் எப்படிப்பட்டவர்கள் என்று கணக்கிட்டு முன்வரிசை கொடுத்தது. லிங்க் ஒரு வாக்குச்சீட்டானது. வாக்குச்சீட்டு என்றால் கள்ள ஓட்டும் வரும், வந்தது. அதை இன்னொரு நாள் எழுதுகிறேன்.

தமிழ் முகவரி விஷயம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். தமிழ் விக்கிப்பீடியா பக்கத்தின் லிங்க்கை நகலெடுத்தால் ஏன் அரை முழம் நீளத்துக்குச் சதவீதக் குறியும் ஆங்கில எழுத்துமாக வருகிறது என்று பலர் கேட்டிருக்கிறீர்கள். இணைய முகவரி அடிப்படையில் ஆங்கில எழுத்துக்கும் எண்ணுக்கும் சில குறிகளுக்குமாக வகுக்கப்பட்டது. ஒரு தமிழ்க் குறியீட்டை அதில் எழுத ஒன்பது இடம் வேண்டும். 'அம்மா' நமக்கு மூன்றெழுத்து. கணினிக்கு அ, ம, புள்ளி, மறுபடி ம, துணைக்கால் என ஐந்து குறியீடு. ஐந்தொன்பது நாற்பத்தைந்து. வாய்ப்பாடு மறக்கவில்லையே?

நீளத்தைக் குறைக்க 2002இல் 'டைனியூஆர்எல்' என்ற சுருக்கும் சேவை வந்தது, பிறகு பல வந்தன. வசதிதான், ஆனால் எனக்கு அவற்றின் மேல் நம்பிக்கை குறைவு. சுருக்கிய முகவரியைப் பார்த்தால் எங்கே கூட்டிப் போகிறது என்று தெரியாது. மின்கட்டணம், பரிசு, வங்கி என்று சொல்லி வருகிற மோசடி லிங்க்குகள் ஒளிந்துகொள்வதும் அங்கேதான். அதோடு, சுருக்கிக் கொடுத்த கடை மூடினால் பக்கம் உயிரோடு இருந்தாலும் வழி அடைபட்டுவிடும்.

வழி அடைபடுவது சின்ன விஷயம் அல்ல. 2013இல் இருந்த வலைப்பக்கங்களில் 38 சதவீதம் பத்தே ஆண்டுகளில் காணாமல் போய்விட்டதாக அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் 2024இல் சொன்னது. அமெரிக்க உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளில் சான்றாகக் கொடுத்த லிங்க்குகளில் ஏறக்குறைய பாதி, அன்று காட்டியதை இன்று காட்டுவதில்லை என்று ஹார்வர்டு சட்டப் பேராசிரியர்கள் ஏற்கெனவே கண்டுபிடித்திருந்தார்கள். உங்களில் பலர் கூத்தடித்த ஆர்குட் 2014 செப்டம்பரோடு மூடப்பட்டது. நம் கல்வெட்டுகள் ஆயிரம் ஆண்டு தாண்டியும் கோயில் சுவரில் நிற்கின்றன, நேற்று எழுதிய பக்கம் நிற்கவில்லை.

நம் பள்ளி நூற்றாண்டு விழாப் படங்களை நம் மாணவர் ஒருவர் ஓர் இலவசத் தளத்தில் ஏற்றி எல்லோருக்கும் லிங்க் அனுப்பினாரே, நினைவிருக்கிறதா? அந்தத் தளம் இப்போது இல்லை. நம் தலைமையாசிரியர் ஐயா மேடையில் பேசிய கடைசிப் படம் அதில்தான் இருந்தது. ஐயா வீட்டில் போன மாதம் அந்தப் படத்தைக் கேட்டார்கள்.

ஒரு வழி இருக்கிறது. ப்ரூஸ்டர் கேல் என்பவர் 1996இல் இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற இலவச நூலகத்தைத் தொடங்கினார். உலகின் வலைப்பக்கங்களை அவ்வப்போது படியெடுத்து வைக்கிறார்கள். அதன் 'வேபேக் மெஷின்' 2001 முதல் எல்லோருக்கும் திறந்திருக்கிறது. மறைந்த பக்கத்தின் பழைய முகவரியை அதில் கொடுத்தால், படியெடுத்திருந்தால் காட்டும். ஆனால் முகவரி எழுத்துக்கு எழுத்து சரியாக வேண்டும். 'எங்க ஸ்கூல் போட்டோ' என்று தேடினால் வராது.

ஆகவே, பழைய மின்னஞ்சல் வைத்திருப்பவர்கள், குறிப்பாக 2008, 2009இல் பத்தாம் வகுப்பு முடித்த பிள்ளைகள், அந்த லிங்க் இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். திறந்தால் வேலை செய்யாது, அதனால் அழித்துவிடாதீர்கள். அந்த வரியை அப்படியே நகலெடுத்து எனக்கு அனுப்புங்கள். மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்.