ஒரு பொத்தானுக்கு எத்தனை கம்பி?

வாசலில் உள்ள அழைப்புமணிப் பொத்தானை அழுத்துகிறோம். உள்ளே மணி ஒலிக்கிறது. விலகி நின்ற இரண்டு உலோகத் தகடுகள் ஒன்றையொன்று தொட்டதால் மின்சுற்று நிறைவு பெற்றது. ஒரு பொத்தானுக்கு இரண்டு கம்பிகள், கணக்கு எளியது. ஆனால் ஒரே பலகையில் 24 பொத்தான்கள் இருந்தால் என்ன செய்வது? நாணயம் போட்டு ஆடும் மின்னணு விளையாட்டுப் பெட்டிகளை அமைத்தவர்கள் எதிர்கொண்ட கேள்வி இது. இன்று வீட்டிலேயே அத்தகைய பெட்டியைச் செய்து பார்க்க விரும்புவோர்க்கும் இதுவே முதற் கேள்வி.

பொத்தானும் குமிழும்

1971-ஆம் ஆண்டு, அமெரிக்காவில் நோலன் புஷ்னெல், டெட் டாப்னி ஆகிய இருவரும் உருவாக்கிய 'கம்ப்யூட்டர் ஸ்பேஸ்' விற்பனைக்கு வந்தது. விண்கலத்தை இடப்பக்கம் திருப்ப, வலப்பக்கம் திருப்ப, முன்னே செலுத்த, சுட என்று அதில் 4 பொத்தான்கள். புதிதாக ஆட வந்தவர்கள் குழம்பினர். மறு ஆண்டு, அட்டாரி நிறுவனத்தில் ஆலன் ஆல்கார்ன் 'பாங்' என்னும் பந்தாட்டத்தை அமைத்தார். ஆட்டக்காரர் ஒருவருக்கு ஒரே ஒரு குமிழ்தான். வானொலியில் ஒலியைக் கூட்டிக் குறைக்கும் குமிழ் போன்றது. கலிபோர்னியாவின் சன்னிவேல் நகரில், ஒரு மதுக்கடையில் வைத்த முதற் பெட்டி சில நாட்களில் நின்றுபோயிற்று. திறந்து பார்த்தபோது, நாணயம் விழும் கலம் நிரம்பி வழிந்திருந்தது!

பின்னர் ஆட்டங்கள் பெருகின, பொத்தான்களும் பலவாறாயின. 1979-இல் வந்த 'ஆஸ்டராய்ட்ஸ்' ஆட்டத்துக்கு 5 பொத்தான்கள். 1980-இன் 'பாக்மேன்' ஆட்டத்துக்கு நான்கு திசையிலும் சாயும் ஒரு கைப்பிடிக் கோல், அதாவது ஜாய்ஸ்டிக், போதுமானதாக இருந்தது. 1981-இன் 'டிஃபெண்டர்' கோலுடன் 5 பொத்தான்களையும் கேட்டது. மின்சுற்றுப் பலகையில் கம்பிகளைச் செருகும் வரிசையோ நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபட்டது. ஓர் ஆட்டத்துக்கு மவுசு குறைந்தால், பெட்டிக்காரர் வேறு பலகையை எளிதாக மாட்டிவிட முடியாது. பழைய கம்பிகளை அறுத்து, புதிதாகப் பற்றவைக்க வேண்டும்.

பொதுக்கம்பியும் 56 முனைகளும்

கம்பிகளைக் குறைக்கும் வழி ஒன்று முன்பே இருந்தது. எல்லாச் சுவிட்சுகளின் ஒரு முனையையும் ஒரே கம்பியால் இணைத்துவிடலாம். இதைப் பொதுக்கம்பி என்போம். மறுமுனையிலிருந்து மட்டும் தனித்தனிக் கம்பிகள் பலகைக்குச் செல்லும். அக்கம்பிகள் சாதாரணமாக 5 வோல்ட்டில் நிற்கும். பொத்தானை அழுத்தினால் பொதுக்கம்பியின் சுழி வோல்ட்டுக்கு இறங்கும். பலகை அந்த இறக்கத்தைக் கண்டு, 'அழுத்தப்பட்டது' என அறிகிறது. 24 சுவிட்சுகளுக்கு 48 கம்பிகள் வேண்டியதில்லை, 25 போதும்.

1985-இல் ஜப்பானிய விளையாட்டு இயந்திர உற்பத்தியாளர் சங்கம் ஒரு பொது அமைப்பை வகுத்தது. சங்கத்தின் பெயர்ச் சுருக்கத்தால் அது 'ஜாம்மா' எனப்பட்டது. 56 முனைகள் கொண்ட ஒரே செருகியில் மின்சாரம், படம், ஒலி, நாணயம் ஆகியவற்றுக்கும், ஒவ்வோர் ஆட்டக்காரரின் நான்கு திசைகளுக்கும் மூன்று பொத்தான்களுக்கும் நிலையான இடம் குறிக்கப்பட்டது. ஒரு பலகையை உருவி மற்றொன்றைச் செருகினால் புதிய ஆட்டம் தயார்! 1991-இல் 'ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2' ஆளுக்கு 6 பொத்தான் கேட்டபோது, எஞ்சிய மூன்றுக்கும் தனிச்செருகி ஒன்றைச் சேர்த்தார்கள்.

வீட்டில் செய்யும் பெட்டி

1997-இல் இத்தாலியரான நிக்கோலா சால்மோரியா 'மேம்' என்னும் கணிப்பொறி நிரலை வெளியிட்டார். பழைய விளையாட்டுப் பலகைகளின் செயலைக் கணிப்பொறியில் அப்படியே நடத்திக் காட்டுவது அது. மரப்பெட்டி செய்து, பழைய ஆட்டங்களை மீண்டும் ஆடும் ஆர்வலர்கள் தோன்றினர். விசைப்பலகையின் விசைகளைக் கொண்டே மேம் இயங்குவதால், அவர்களுட் பலர் பழைய விசைப்பலகையைப் பிரித்து அதன் சுற்றிலேயே பொத்தான்களைப் பற்றவைத்தார்கள்.

இங்கே ஒரு சிக்கல் எழுந்தது. விசைப்பலகையில் கம்பிகள் குறுக்கும் நெடுக்குமாக, கட்டம் போல ஓடுகின்றன. 5 குறுக்கு, 5 நெடுக்கு, ஆக 10 கம்பிகளே 25 விசைகளைத் தாங்கும். ஆனால் ஒரு கட்டத்தின் மூன்று மூலைகளை ஒரே நேரத்தில் அழுத்தினால், மின்னோட்டம் சுற்றுவழியாகச் சென்று, அழுத்தாத நான்காம் மூலையையும் அழுத்தியதாகக் காட்டும்! தட்டச்சு செய்பவருக்கு இது அரிதாகவே நேரும். இருவர் சேர்ந்து ஆடும்போதோ அடிக்கடி நேரும். ஒவ்வொரு சுவிட்சிலும், மின்னோட்டத்தை ஒரு திசையில் மட்டும் விடும் டையோடு வைப்பது ஒரு தீர்வு. ஒவ்வொரு பொத்தானுக்கும் தனி உள்ளீட்டு முனை தரும் சிறு பலகையைப் பயன்படுத்துவது மற்றொன்று. பின்னது பழைய பொதுக்கம்பி முறையே அன்றி வேறில்லை.

கம்பியைத் தொடுமுன்

முதலில் தாளில் வரைந்து கொள்ளுங்கள். இருவருக்கும் 4 திசைகள், 6 பொத்தான்கள் வீதம் 20, தொடங்க 2, நாணயத்துக்கு 2, ஆக 24. ஒவ்வொன்றுக்கும் எண் இட்டு, அதே எண்ணைக் கம்பியின் இருமுனைகளிலும் ஒட்டுங்கள். பலகையைத் திருப்பிப் பின்புறம் வேலை செய்யும்போது இடம் வலமாகும், வலம் இடமாகும். எனவே பின்புறத் தோற்றத்தையும் வரைவது நலம். நுண்சுவிட்சில் மூன்று முனைகள் இருக்கலாம்: பொது முனை, அழுத்தினால் சேரும் முனை, அழுத்தினால் பிரியும் முனை. நமக்கு வேண்டியவை முதல் இரண்டே. பொதுக்கம்பி சுவிட்சிலிருந்து சுவிட்சுக்குத் தொடர்ந்து செல்லும். நடுவில் ஓர் இணைப்பு விட்டால், அதற்கப்பால் உள்ளவை அனைத்தும் செயலற்றுப் போகும். அதன் கடைசி முனையையும் தொடங்கிய இடத்துக்கே கொண்டு வந்து வளையமாக்கினால், ஓரிடத்தில் விட்டாலும் மறுபக்கம் காப்பாற்றும்.

பழைய விளையாட்டுப் பலகைகள் ஆண்டுதோறும் பழுதாகி வருகின்றன. அந்த ஆட்டங்களைத் திரையில் பார்ப்பது மட்டும் போதாது. கோலையும் பொத்தானையும் கையால் இயக்கி ஆடினால்தான் அவற்றின் தன்மை விளங்கும். ஒழுங்காகப் பூட்டிய 25 கம்பிகள் அந்த அனுபவத்தை நமக்கு மீட்டுத் தருகின்றன.